42 கிலோ ஹார்ட் டிஸ்க் காந்தம் சேர்ந்துவிட்டது, இரும்பு விலைக்குப் போட மனம் வரவில்லை

பழையகணினி (கோயம்புத்தூர்)
14 டிசம்பர் 2025, இரவு 9:40

வணக்கம். பழைய கணினிகளை வாங்கிச் சரிசெய்து பள்ளிகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் விற்பது என் தொழில். முறையாகப் பதிவு செய்த கடைதான். சரிசெய்ய முடியாத ஹார்ட் டிஸ்குகள் வாரா வாரம் சேரும். நான்கு வருடத்துக்கு முன்பு என் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு டிஸ்கைத் திறந்து உள்ளே இருந்த இரண்டு காந்தங்களை எடுத்தேன். அதன் இழுப்பைப் பார்த்த பிறகு ஒன்றைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வருகிற எல்லா டிஸ்கிலும் காந்தத்தை மட்டும் தனியே எடுத்து ஒரு டிரம்மில் போட்டுவந்தேன்.

இன்று எடை போட்டேன். ஒட்டியிருந்த இரும்புத் தகட்டை எல்லாம் நீக்கி 42 கிலோ. பழைய மூன்றரை அங்குல டிஸ்கில் 15 முதல் 20 கிராம் கிடைக்கும். புதியவற்றில் பத்துக்கும் கீழே. லேப்டாப் டிஸ்க் என்றால் இரண்டு மூன்று கிராம்தான். ஆக இந்த டிரம் மூன்றாயிரம் டிஸ்குக்கு மேல் பிரித்த உழைப்பு.

நான் வழக்கமாகச் சரக்கு கொடுக்கும் மறுசுழற்சி நிறுவனத்தைக் கேட்டேன். "காந்தத்துக்குத் தனி விலை கிடையாது, இரும்போடு சேர்த்துப் போடுங்கள்" என்றார்கள். இந்த வருடம் முழுக்கப் பேப்பரில் என்ன படித்தோம்? சீனா காந்தம் அனுப்பவில்லை, மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி தடுமாறுகிறது என்று. ஒரு பக்கம் காந்தம் இல்லாமல் தொழிற்சாலை திணறுகிறது, இன்னொரு பக்கம் என் கடையில் இருக்கும் அதே காந்தத்துக்கு இரும்பு விலை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம்தலைமுறை (புதுப்பேட்டை, சென்னை)
14 டிசம்பர் 2025, இரவு 10:25

அண்ணா, நான் காயலான் கடைக் குடும்பம். எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். செம்பு, அலுமினியம், பித்தளை, இரும்பு, போர்டு, பேட்டரி என்று எங்களுக்கு வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் காலையில் போன் போட்டால் அன்றைய விலை கிடைக்கும். காந்தத்துக்கு அப்படிப் போன் போட ஆளே இல்லை. எங்களைப் பொறுத்தவரை அது வேலையைக் கெடுக்கிற பொருள். தராசில் ஒட்டும், சுத்தியலில் ஒட்டும், ஒன்றோடு ஒன்று மோதித் தெறிக்கும். என் சித்தப்பாவுக்கு இரண்டு காந்தத்துக்கு நடுவில் விரல் சிக்கி நகமே போய்விட்டது. அதனால்தான் இரும்புக் குவியலில் எறிந்துவிடுகிறோம். வாங்க ஆள் இருந்தால் யாரும் எறிய மாட்டார்கள்.

---

கசடும்உலோகமும் (சேலம்)
15 டிசம்பர் 2025, காலை 7:10

உலோகவியல் படித்து இருபது வருடமாக உருக்கு ஆலையில் வேலை பார்க்கிறேன். அந்த இரும்புக் குவியலுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

உங்கள் டிரம்மில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அருமண் உலோகம் (ரேர் எர்த் என்கிறார்களே, அதுதான்), ஒரு சதவீதம் போரான், மீதி பெரும்பாலும் இரும்பு. அருமண்ணில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் முக்கியம். சூட்டிலும் வலு குறையாமல் இருக்க வேண்டிய காந்தத்தில் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் சேர்ப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை வலுவான காந்தம் என்றால் சமேரியம் கோபால்ட்தான். கோபால்ட் விலை எகிறியதால் மலிவான இரும்பை வைத்துக் காந்தம் செய்ய முடியுமா என்று தேடியபோது கிடைத்தது இது.

இப்போது இதை உருக்கு உலைக்குள் போட்டால் என்ன ஆகும்? அருமண் உலோகங்களுக்கு ஆக்சிஜன் மேல் அவ்வளவு ஆசை. உருகியதும் ஆக்சைடாக மாறிக் கசடோடு மிதக்கும். நாங்கள் வழித்து வெளியே கொட்டிவிடுவோம். டன் கணக்கான கசடில் சில கிராம் நியோடிமியம். அங்கிருந்து அதை மீட்பது கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவது போல. உலகம் முழுக்கப் பயன்பாடு முடிந்த பொருட்களிலிருந்து அருமண் தனிமங்கள் ஒரு சதவீதம்கூட மீட்கப்படுவதில்லை என்று பல காலமாகச் சொல்லிவருவதன் பின்னால் இருப்பது இதுதான். வேதியியல் தெரியாமல் யாரும் தோற்கவில்லை. வேதியியல் அறையின் வாசலுக்கு அந்தக் காந்தம் வந்து சேருவதே இல்லை.

தயவுசெய்து இரும்போடு போடாதீர்கள் சார்.

---

பழையகணினி
15 டிசம்பர் 2025, காலை 9:02

நன்றி சார். அப்படியானால் கேள்வி இதுதான். வேதியியல் அறையின் வாசல் எங்கே இருக்கிறது? இந்தியாவில் யார் இதைச் செய்கிறார்கள்? செய்முறையும் தெரிந்தால் நல்லது, எப்படிப் பிரித்து வைத்தால் அவர்களுக்கு வசதி என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

---

டைஸ்லிக்காரி (பர்மிங்காம், இங்கிலாந்து)
15 டிசம்பர் 2025, பிற்பகல் 4:48

நான் மதுரை. இங்கே காந்தப் பொருட்கள் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். செய்முறையில் இரண்டு வழி உண்டு. நீளமான வழி, குறுக்கு வழி.

நீளமான வழியில் காந்தத்தை அமிலத்தில் கரைத்து, இரும்பை ஒதுக்கி, அருமண் தனிமங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆக்சைடாக்கி, பிறகு உருகிய ஃப்ளோரைடு உப்பில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்க வேண்டும். அதன் பிறகுதான் புதுக் காந்தம் செய்யும் வேலையே தொடங்கும். எப்படிப்பட்ட கலப்படமான கழிவையும் இந்த வழியில் கையாளலாம் என்பது இதன் பலம். அமிலக் கழிவுநீரும் மின்செலவும் இதன் பாரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மானசைட் போன்ற கனிமத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அருமண் தனிமங்கள் ஒன்றாகக் கிடக்கும், கூடவே தோரியமும் இருக்கும். காந்தக் கழிவில் இருப்பது மூன்று நான்கு தனிமம்தான், கதிரியக்கமும் கிடையாது. எனவே சுரங்கத்திலிருந்து தொடங்குவதைவிடப் பிரிக்கும் வேலை வெகுவாகக் குறையும். அமிலமே இல்லாமல் செம்பு உப்புக் கரைசலில் கரைக்கும் முறையை அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் கண்டுபிடித்திருக்கிறது.

குறுக்கு வழிதான் நான் வேலை செய்யும் துறை, அதனால் கொஞ்சம் ஆர்வமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரெக்ஸ் ஹாரிஸ் காலத்திலிருந்து வளர்ந்த முறை இது. காந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னப் பரல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். பரல்களுக்கு இடையே செங்கல்லுக்கு நடுவே சாந்து போல நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் இருக்கிறது. மூடிய கலத்துக்குள் சாதாரண வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் முதலில் இந்தச் சாந்து ஹைட்ரஜனை உறிஞ்சிப் பருக்கும். பிறகு பரல்களும் உறிஞ்சும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தில் காந்தம் சில மணி நேரத்தில் தானாகப் பொடியாக உதிரும். காந்தத்தன்மையும் போய்விடுவதால் பொடி எதிலும் ஒட்டாது. நிக்கல் பூச்சு செதில் செதிலாக உரிந்து தனியே நிற்கும், சல்லடையில் சலித்தால் போதும். திறந்த ஹார்ட் டிஸ்கை உள்ளே வைத்துச் சுழற்றினால் பொடி மட்டும் கீழே கொட்டும். அந்தப் பொடியோடு கொஞ்சம் புது நியோடிமியம் சேர்த்து, அழுத்தி, சூடாக்கினால் மறுபடியும் காந்தம். உலோகம் உலோகமாகவே இருக்கிறது, ஆக்சைடாக்கித் திரும்ப உலோகமாக்கும் பெரிய செலவு மிச்சம். இந்த முறைக்காக இங்கே டைஸ்லியில் ஆலையே அமைத்திருக்கிறார்கள்.

குறுக்கு வழிக்கு ஒரு கட்டாயம் உண்டு. உள்ளே போவது சுத்தமாக, ஒரே வகையாக இருக்க வேண்டும். துருப்பிடித்தது வந்தால் ஆக்சிஜன் ஏறி வலு குறையும். ஸ்கூட்டர் காந்தமும் டிஸ்க் காந்தமும் கலந்து வந்தால் எந்தத் தரத்தில் வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் நீங்கள் நான்கு வருடமாகச் செய்திருக்கும் வேலை, ஒரே வகைக் கழிவு, கையால் பிரித்தது, தகடு நீக்கியது, உண்மையிலேயே உயர்ந்த சரக்கு. உலர்ந்த இடத்தில் மூடி வையுங்கள்.

---

அருண்_வேதியியல் (திருச்சி)
15 டிசம்பர் 2025, மாலை 6:30

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கந்தக அமிலத்தில் கரைத்து சோடியம் சல்பேட் சேர்த்தால் நியோடிமியம் இரட்டை உப்பாக வீழ்படியும் என்று படித்தேன். அண்ணாவிடமிருந்து ஒரு கிலோ வாங்கி வீட்டு மாடியில் சிறிய அளவில் செய்து பார்க்கலாமா?

---

கசடும்உலோகமும்
15 டிசம்பர் 2025, மாலை 6:52

தம்பி, வேண்டாம். காந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு. அமிலத்தில் போட்டதும் ஹைட்ரஜன் பொங்கி வரும், மாடியில் பக்கத்தில் யாராவது அடுப்பு மூட்டினாலே ஆபத்து. மிஞ்சுகிற இரும்பு அமிலக் கரைசலை எங்கே ஊற்றுவாய்? வேகமாகச் செய்ய வேண்டும் என்று அரைத்துப் பொடியாக்கவும் நினைக்காதே, இந்தப் பொடி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடியது. கல்லூரி ஆய்வகத்தில், உன் ஆசிரியரின் மேற்பார்வையில், பத்து கிராமில் செய். நீ சொன்ன வேதியியல் சரியானதுதான், இடம்தான் தவறு.

---

ரீவைண்டிங்_முருகேசன் (கோயம்புத்தூர், சிங்காநல்லூர்)
15 டிசம்பர் 2025, இரவு 8:15

வணக்கம். நாற்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். பம்ப் மோட்டார் கட்டிக்கொண்டிருந்த கை, இப்போது வாரத்துக்கு ஐந்தாறு ஸ்கூட்டர் ஹப் மோட்டாரும் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) வருகிறது. நேரில் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

சக்கரத்தின் உள் சுற்றில் பட்டைப் பட்டையாகக் காந்தம் ஒட்டியிருக்கும். நான் பிரித்த வண்டிகளில் பெரும்பாலும் 46 துண்டு. மழைக்காலம் முடிந்தால் எனக்கு வேலை அதிகம். அச்சின் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நிக்கல் பூச்சில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், காந்தம் உள்ளுக்குள் துருப்பிடித்து உப்பி, பொரிந்து, பொடியாக உதிர்ந்து காயிலில் உரசும். அப்போது மோட்டார் கரகரவென்று சத்தம் போடும். வண்டிக்காரர் காயில் போய்விட்டது என்று நினைத்துக் கொண்டுவருவார். திறந்தால் காந்தம் போயிருக்கும்.

புதுக் காந்தம் இந்த வருடம் நடுவில் கிடைக்கவே இல்லை. வேறு வழியில்லாமல், எரிந்துபோன மோட்டார்களிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து வேறு மோட்டாரில் ஒட்டிக் கொடுத்தேன். ஒரே மாடல் என்றால் அளவு பொருந்தும். வடக்கு தெற்கு மாறாமல் வரிசையாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எட்டு வண்டி அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. உருக்குவதற்கும் கரைப்பதற்கும் முன்னால் இப்படி அப்படியே எடுத்து மறுபடி போடுவதுதான் முதலில் வரவேண்டியது என்பது என் எண்ணம்.

தொந்தரவு எல்லாம் அந்தப் பசையில்தான். கம்பெனிக்காரர்கள் ஒட்டுகிற பசை அவ்வளவு கெட்டி. தட்டி எடுத்தால் பாதி உடையும். சூடு காட்டினால் இளகும், ஆனால் சூடு கூடினால் காந்தம் வலுவிழக்கும். கழற்ற முடிகிற மாதிரி செய்ய ஒருவரும் யோசிக்கவில்லை என்பது அந்த வேலையைப் பார்த்தாலே தெரிகிறது. உடைந்தது, துருப்பிடித்தது எல்லாம் பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். முப்பது கிலோ இருக்கும்.

---

டைஸ்லிக்காரி
15 டிசம்பர் 2025, இரவு 11:20

முருகேசன் ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் ஐரோப்பா சட்டமாகப் போட்டிருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த முக்கிய மூலப்பொருட்கள் சட்டத்தில் காந்தத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கார், இலகு மின்வாகனம், வாஷிங் மெஷின், வெப்பப் பம்பு, காற்றாலை ஜெனரேட்டர், எம்.ஆர்.ஐ. போன்றவற்றை விற்பவர், உள்ளே காந்தம் இருக்கிறதா, எந்த வகை என்று லேபிளில் சொல்ல வேண்டும். எடை எவ்வளவு, எந்த இடத்தில் இருக்கிறது, என்ன பூச்சு, என்ன பசை, எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் ஸ்கேன் செய்தால் தெரிய வேண்டும். இந்த விதிகள் படிப்படியாக அமலுக்கு வரும்.

உங்கள் துருப்பிடித்த காந்தத்தையும் எறியாதீர்கள். குறுக்கு வழிக்கு அது ஆகாது, நீளமான வழிக்கு நன்றாகவே ஆகும். ஸ்கூட்டர் மோட்டார் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் இருக்க வாய்ப்பு அதிகம், டிஸ்க் காந்தத்தில் அது குறைவு. இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள்.

---

நெய்தல் (குளச்சல்)
16 டிசம்பர் 2025, காலை 6:05

இந்த இழையை இரவு முழுக்கப் படித்தேன். காந்தம் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் வசிக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கரையில் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் மணல் ஆலை இருக்கிறது. கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மானசைட் எல்லாம் உண்டு. மானசைட்டில் நியோடிமியம் இருக்கிறது, தோரியமும் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வந்தபோது எங்கள் கடற்கரைக் கிராமங்கள் எழுந்து நின்றன. புற்றுநோய் பற்றிய பயம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கடல் அரிப்பில் தெருவையே இழந்த ஊர்கள் எங்களுடையவை. மணலை அள்ளினால் கரை என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

மின்சார வண்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புதுக் கரையைத் தோண்டும் முன்னால், நாடு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் காந்தத்தை இரும்பு உலையில் போட்டு எரிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கிறோம். ஒரு டிரம் காந்தத்தில் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ அருமண் உலோகம் இருக்கிறது என்றால், அந்த அளவுக்கு எங்கள் மணல் எங்களிடம் இருக்கட்டும்.

---

கணக்குப்பார்ப்பவன் (பெங்களூரு)
16 டிசம்பர் 2025, காலை 10:40

எல்லோருடைய அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் இரண்டு கடினமான விஷயங்களை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்று, விலை. 2010 செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கொண்டாடும் சென்காகு தீவுகள் தகராறில் ஜப்பானுக்குப் போகும் அருமண் தனிமங்களைச் சீனா நிறுத்தியது. 2011இல் விலை வானத்துக்கு ஏறியது. உலகம் முழுக்கச் சுரங்கமும் மறுசுழற்சியும் பேசினார்கள். சீன ஏற்றுமதி திரும்பவும் வந்ததும் விலை சரிந்தது, அமெரிக்காவின் அருமண் சுரங்க நிறுவனம் மோலிகார்ப் 2015இல் திவால் ஆனது. நாளைக்கே சீனா கதவைத் திறந்தால் இங்கே தொடங்கிய மறுசுழற்சி ஆலைகளும் அதே வழிதான். அக்டோபரில் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளை நவம்பரில் ஒரு வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள், கவனித்தீர்களா?

இரண்டு, காந்தமே தேவைப்படாமல் போகலாம். அருமண் இல்லாத ஃபெரைட் காந்தம் வைத்த ஓலாவின் மோட்டாருக்கு இந்த அக்டோபரில் அரசுச் சான்று கிடைத்திருக்கிறது. ரெனோ, பி.எம்.டபிள்யூ. கார்களில் காந்தத்துக்குப் பதில் காயிலே சுற்றிய ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பாகம்) ஓடுகிறது. அடுத்த தலைமுறை மோட்டாரில் அருமண் இருக்காது என்று டெஸ்லா 2023இலேயே சொன்னது. இந்த நிலையில் நூறு கோடி போட்டு ஆலை கட்டுபவர் யார்?

---

கசடும்உலோகமும்
16 டிசம்பர் 2025, பிற்பகல் 1:15

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். ஃபெரைட் காந்தத்தின் ஆற்றல் நியோடிமியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதே இழுப்புக்கு மோட்டார் பெரிதாகும், எடை கூடும். ஸ்கூட்டருக்குச் சமாளிக்கலாம், ரோபோவுக்கும் டிரோனுக்கும் கஷ்டம். ஆனால் அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. நாளை முதல் ஒரு வண்டியிலும் நியோடிமியம் போடாவிட்டாலும், இதுவரை ஓடுகிற வண்டிகளும் இன்வெர்ட்டர் ஏ.சி.க்களும் அடுத்த பத்துப் பதினைந்து வருடம் கழிவாக வந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி. கம்ப்ரசரை யாராவது யோசித்தீர்களா? பற்றவைத்து மூடிய இரும்புக் குடுவை. செம்புக்காக அறுக்கிறார்கள், ரோட்டரை அப்படியே எனக்கு அனுப்புகிறார்கள். பல ரோட்டர்களுக்குள் காந்தம் செருகியிருக்கும். எங்கள் யார்டில் கிரேன் காந்தம் அதைத் தூக்கி உலையில் போடுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மனது வலிக்கிறது.

---

டைஸ்லிக்காரி
16 டிசம்பர் 2025, பிற்பகல் 3:30

விலையைப் பற்றி கணக்குப்பார்ப்பவன் சொன்னது முழுக்கச் சரி, அதை மறைக்கக் கூடாது. சந்தையை மட்டும் நம்பி இது நிற்காது. அமெரிக்கா அதைப் புரிந்துகொண்டு இந்த ஜூலையில் அங்கே அருமண் சுரங்கம் நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்துக்கு நியோடிமியம் பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று அடிவிலை உறுதி கொடுத்தது. அன்றைய சந்தை விலை ஏறக்குறைய அதில் பாதிதான். அதே மாதம் ஆப்பிள் அந்த நிறுவனத்திடம் 50 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது, அதுவும் மறுசுழற்சி செய்த பொருளால் ஆன காந்தத்துக்கு. வாங்குவேன் என்று உறுதி சொல்ல ஒருவர் இருந்தால் ஆலை தானாக வரும்.

ஜப்பான் கதையிலும் நீங்கள் விட்ட பாதி ஒன்று உண்டு. 2010 டிசம்பரிலேயே ஹிட்டாச்சி ஒரு இயந்திரத்தைக் காட்டியது. டிரம்முக்குள் டிஸ்குகளைப் போட்டுக் குலுக்கி உருட்டினால் திருகு எல்லாம் கழன்று பாகங்கள் பிரிந்து விழும். கையால் ஒரு ஆள் மணிக்கு 12 டிஸ்க், இயந்திரம் மணிக்கு 100. அவர்கள் முதலில் கை வைத்தது வேதியியலில் இல்லை, பிரிப்பதில்.

---

பழையகணினி
16 டிசம்பர் 2025, மாலை 5:05

மணிக்கு 12 என்பது அப்படியே என் கணக்கு! நட்சத்திரத் திருகு, மூடி, பிறகு பெஞ்ச் வைஸில் தகட்டை வளைத்தால் காந்தம் டக்கென்று எகிறும். ஐந்து நிமிடம். வேகமாக வளைத்தால் உடையும்.

ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய அலுவலகம் 900 டிஸ்க் கழிவாகப் போடுவதாகச் சொன்னது. போய்ப் பார்த்தால், தகவல் வெளியே போகக்கூடாது என்று முழு டிஸ்கையும் ஷ்ரெட்டரில் போட்டுத் துண்டு துண்டாக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. தகவல் இருப்பது தட்டில்தான், தட்டை மட்டும் உங்கள் கண் முன்னால் நொறுக்குகிறேன், காந்தத்தையும் அலுமினியத்தையும் போர்டையும் முழுசாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். விதியில் இடமில்லை என்றார்கள். ஷ்ரெட்டர் திறந்தபோது உள்சுவர் முழுக்கக் காந்தத் தூள் பிசின் மாதிரி அப்பிக்கிடந்தது. மீதி இரும்புத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

---

டைஸ்லிக்காரி
16 டிசம்பர் 2025, மாலை 5:50

அப்படி நொறுக்கியதிலிருந்தும் எடுக்க முடியும் என்று இந்த வருடம் காட்டியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களின் சுமார் 50,000 பவுண்டு எடையுள்ள நொறுங்கிய டிஸ்க் கழிவை, டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் கூட்டாளிகளும் சேர்ந்து, நான் மேலே சொன்ன அமிலமில்லாத முறையில் கரைத்து அருமண் ஆக்சைடு எடுத்தார்கள். ஆனால் அது நீளமான வழி. நீங்கள் கையால் எடுக்கும்போது காந்தம் காந்தமாகவே மிஞ்சுகிறது.

---

சட்டமும்குப்பையும் (சென்னை)
16 டிசம்பர் 2025, இரவு 9:10

சுற்றுச்சூழல் ஆலோசகராக வேலை செய்கிறேன். "ஏன் தனி விலை இல்லை" என்று முதல் பதிவில் கேட்டதற்கு விடை பெரும்பாலும் விதிகளில் இருக்கிறது.

2022 மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருளை விற்கிற உற்பத்தியாளர், தன் பங்குக் கழிவு மறுசுழற்சி ஆனதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். மறுசுழற்சி நிறுவனத்துக்கு வருமானம் அந்தச் சான்றிதழில்தான். அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று நான்கு உலோகத்துக்குத் தரப்படுகிறது. நியோடிமியம் அந்தக் கணக்கில் இல்லை. ஆக, காந்தத்தைத் தனியே எடுத்தால் கூலி செலவு, எடுக்காமல் நொறுக்கினால் இரும்புக் கணக்கில் ஏறிவிடும். உங்கள் நிறுவனம் பேராசையால் அப்படிச் சொல்லியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விதி எதை எண்ணுகிறதோ அதைத்தான் அவர்கள் பிரிக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. 2016 விதிகளில் பிரிப்பவருக்கும் சேகரிப்பு மையத்துக்கும் தனி இடம் இருந்தது. புதிய விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் தயாரிப்பாளர், உற்பத்தியாளர், மறுசீரமைப்பாளர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு பேர்தான். காந்தத்தைக் காப்பாற்றக்கூடிய கை பிரிப்பவருடைய கை. அந்தக் கைக்குக் காகிதத்தில் பெயரே இல்லாமல் போய்விட்டது. புதுப்பேட்டைத் தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த செப்டம்பரில் முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு. நவம்பர் 26 அன்று 7,280 கோடியில் காந்தத் தயாரிப்புத் திட்டம், வருடத்துக்கு 6,000 டன் இலக்கு. இதுவரை ஆக்சைடு எடுத்தாலும் உள்நாட்டில் பெரிய அளவில் உலோகமாக்கிக் காந்தம் செய்ய ஆலை இல்லை. அந்த ஆலைகள் வந்தால் டைஸ்லிக்காரி சொன்ன அந்த வாங்குகிற ஆள் உள்ளூரிலேயே கிடைப்பார். ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் படி ஆக்சைடு. அந்த ஆக்சைடு கழிவிலிருந்தும் வர வேண்டுமானால், நான்கு உலோகப் பட்டியலில் ஐந்தாவதாக அருமண் சேர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இதை எழுதி அனுப்பப் போகிறேன். பழையகணினி சார், உங்கள் எடைக் கணக்கை, டிஸ்க் வகைக்கு எத்தனை கிராம் என்று, ஒரு தாளில் தந்தால் இணைத்துக்கொள்கிறேன். கடைத் தரவு இல்லாமல் எழுதினால் எடுபடாது.

---

கணக்குப்பார்ப்பவன்
17 டிசம்பர் 2025, காலை 8:20

சான்றிதழ் விஷயம் எனக்குப் புதிது. அது சேர்ந்தால் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தை விலை விழுந்தாலும் சான்றிதழ் வருமானம் தாங்கும். என் பெயரையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

காற்றாடி (ஆரல்வாய்மொழி)
17 டிசம்பர் 2025, காலை 11:45

ஒரு சின்னக் குறிப்பு. முப்பந்தல் காற்றாலைகளைக் கழற்றும்போது டன் டன்னாகக் காந்தம் கிடைக்கும் என்று சிலர் பேசுகிறார்கள். இங்கே உள்ள பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் கியர்பாக்ஸ், சாதாரண ஜெனரேட்டர், காந்தம் கிடையாது. கியர் இல்லாதது என்றாலே காந்தம் என்றும் நினைக்காதீர்கள். எனர்கான் வகைப் பழைய இயந்திரங்கள் கியர் இல்லாதவை, ஆனால் ரோட்டரில் இருப்பது செம்புக் காயில். வென்சிஸ் தொழில்நுட்பத்தில் வந்த ஒன்றரை மெகாவாட் இயந்திரங்களில்தான் நிரந்தரக் காந்தம். எதில் என்ன இருக்கிறது என்று இப்போதே எழுதி வைப்பது நல்லது. கழற்றும்போது எங்களைப் போன்றவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

---

மூன்றாம்தலைமுறை
17 டிசம்பர் 2025, இரவு 9:30

சென்னை அக்கா எழுதியதை என் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாளை முதல் கடையில் ஒரு மரப்பெட்டி தனியே வைக்கிறோம். ஒரு சந்தேகம். ஸ்பீக்கர் காந்தத்தையும் போடலாமா?

---

ரீவைண்டிங்_முருகேசன்
17 டிசம்பர் 2025, இரவு 9:55

தம்பி, பெரும்பாலான ஸ்பீக்கரில் இருப்பது ஃபெரைட். கறுப்பாக, ஓட்டுச் சில்லு மாதிரி இருக்கும், பூச்சு இருக்காது. அதைச் சேர்க்காதே. வெள்ளி போலப் பளபளப்பு, கைக்கு அடங்கிய சின்னத் துண்டு, ஆனால் பிய்த்து எடுக்க முடியாத இழுப்பு என்றால் நம் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மரச் சில்லோ தடித்த அட்டையோ வை, விரல் தப்பிக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடாதே. குழந்தைகள் கையில் ஒரு துண்டுகூடக் கிடைக்கக் கூடாது, இரண்டை விழுங்கினால் குடலையே கிழித்துவிடும்.

---

பழையகணினி
20 டிசம்பர் 2025, மாலை 7:00

மூன்று நாள் போன் போட்டதில் ஒரு வழி கிடைத்திருக்கிறது. பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சி நிறுவனம், காந்தமாகவே, வகை பிரித்து, 250 கிலோவுக்குக் குறையாமல் கொடுத்தால் தனி விலை பேசத் தயார் என்கிறது. இரும்பு விலையைப் போலப் பல மடங்கு. மாதிரிக்கு இரண்டு கிலோ முதலில் கேட்கிறார்கள். கூரியரில் காந்தம் எடுக்க மறுத்துவிட்டார்கள், அதனால் செவ்வாய்க்கிழமை நானே நேரில் கொண்டுபோகிறேன்.

இதுவரை கணக்கு: என்னுடையது டிஸ்க் 42 கிலோ. முருகேசன் ஐயாவுடையது மோட்டார், நல்லது 9, துருப்பிடித்தது 22. திருப்பூரில் இரண்டு கணினிக் கடைக்காரர்கள் தனிச்செய்தியில் வந்தார்கள், இருவரும் சேர்ந்து டிஸ்க் 58. மொத்தம் 131. இன்னும் 119 கிலோ வேண்டும். சட்டமும்குப்பையும் அக்கா சொன்னபடி, யாரும் என்னிடம் விற்க வேண்டாம், அவரவர் பெயரில் நேரடி ரசீது போட்டுக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஒன்று.

ஈரோடு, பொள்ளாச்சி, சேலம் பக்கம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். டிஸ்கா மோட்டாரா, தகடு நீக்கியதா, துரு இருக்கிறதா என்று மூன்றையும் குறிப்பிடுங்கள். மூடி போட்ட மரப்பெட்டி பத்து தேவைப்படுகிறது. பழப்பெட்டி சந்தில் விழுந்துவிடும், பலகை நெருக்கமாக இருக்க வேண்டும்.

---

கசடும்உலோகமும்
20 டிசம்பர் 2025, இரவு 8:40

பெட்டி நான் தருகிறேன், ஆலையில் இறக்குமதி உதிரிபாகம் வந்த பெட்டிகள் நிறையக் கிடக்கின்றன. அப்புறம், யார்டு மேலாளரிடம் பேசிவிட்டேன். கம்ப்ரசர் ரோட்டர்களை உலைக்கு முன்னால் ஒதுக்கி வைக்க ஒரு மூலையைக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே பதினேழு ரோட்டர் ஒதுங்கியிருக்கிறது. எதில் காந்தம், எதில் வெறும் அலுமினியக் கூண்டு என்று நாளை ஒரு ஆணியைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கப் போகிறேன். காந்தம் இருப்பதை எத்தனை என்று எழுதுகிறேன்.